அரைஞாண் கயிற்றில் தொங்கிய கேமரா

வாகைக்குறிச்சியில் செத்தவர்கள் கண் திறந்து பார்க்கத் தொடங்கியது, போட்டோ எடுக்கிற தங்கப்பழத்துக்கு மூன்றாவது தடவையாகக் கேமரா பெல்ட் அறுந்துபோன வருஷத்தில்தான். அந்த வருஷம் குளம் இரண்டு தடவை பெருகியது, பெரிய ரோட்டுக்குத் தார் போட்டார்கள், வடக்குத்தெரு ஆலமரம் காற்றே இல்லாமல் சாய்ந்தது என்று சொல்வதற்கு வேறு சங்கதிகளும் உண்டு; ஆனால் ஊரில் யாரிடம் கேட்டாலும் ‘கயிறு பின்னின வருஷம்’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

முதல் பெல்ட் கேமராவோடு கூடவே வந்தது. கழுத்து வேர்வையில் பதினோரு வருஷம் ஊறி, ஒரு காதுகுத்து வீட்டில், தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்ட நேரம் பார்த்து அறுந்தது. இரண்டாவதைத் தென்காசியில் வாங்கினார், ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. மூன்றாவதை விற்றவன், இதில் யானையைக் கட்டலாம் என்று தலையில் அடித்துச் சொன்னான். யானையைக் கட்டிப் பார்க்கிற வாய்ப்பு தங்கப்பழத்துக்கு அமையவில்லை. கேமரா மட்டும் ஒரு சாவு வீட்டில், பிணத்தைக் குளிப்பாட்டிய தண்ணீர் தேங்கிக் கிடந்த குழியில், சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்கப் போய் விழுந்தது.

தங்கப்பழத்துக்கு முதலிலிருந்தே கடைச் சாமான் மேல் நம்பிக்கை கிடையாது. ஸ்டுடியோவில் ஆட்கள் உட்காருகிற ஸ்டூல் அவர் அடித்தது. கேமராவை நிறுத்துகிற முக்காலி பழைய கலப்பையை இழைத்து அவர் செய்தது. பின்னால் தொங்குகிற குற்றால அருவி அவர் வரைந்தது. அந்த அருவி காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது என்று அவருடைய பெண்டாட்டி உலகம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கோபப்பட்டதில்லை. தன் கையால் செய்ததைக் கேலி செய்தாலும் அதைப் பற்றித்தானே பேசுகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அப்படிப்பட்ட பெருமைக்காரர்.

குழியிலிருந்து கேமராவை எடுத்து அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சொரிமுத்து நின்றார். ஊரில் முடி வெட்டுகிறவர் அவர். சாவு வீட்டில் செய்ய வேண்டியதையும் அவர்தான் செய்வார். அப்போதுதான் பிணத்தின் இடுப்பிலிருந்து அரைஞாண் கயிற்றை அரிவாளால் அறுத்து எடுத்திருந்தார். ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நிமிஷம்கூடக் கயிறில்லாமல் இருக்கக் கூடாது என்று, புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகவே ஒருவனுடைய இடுப்பு வெறும் இடுப்பாவது செத்த பிறகுதான். அறுத்த கயிற்றைச் சுடுகாட்டு வேலியில், இடது தோளுக்கு மேலாக, திரும்பிப் பார்க்காமல் எறிந்துவிட்டு வர வேண்டும். அந்தக் கருவேல வேலியில் கறுப்பும் சிவப்புமாக ஊரின் ஆண்கள் எல்லாரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, கடையில விக்கறது கண்ணுக்குச் செஞ்சது. இதப் பாருங்க. வெயிலு, வேர்வை, சவுக்காரம், கொளத்துத் தண்ணி, எல்லாத்தையும் பாத்த கயிறு. அரிவாள் போட்டாத்தான் விட்டுச்சி,” என்றார் சொரிமுத்து.

சும்மா சொன்னார். ஆனால் தங்கப்பழம் அடுத்த நாள் காலையிலேயே சுடுகாட்டு வேலிக்குப் போய், முள் கீறக் கீற நாற்பத்தோரு கயிறுகளை எடுத்துக்கொண்டு வந்தார். எறிகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் வழக்கமே தவிர, எறிந்ததை எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை; அப்படி ஒருவன் எடுப்பான் என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தோன்றியிருக்காது. சலவைச் சோடாவில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, நாலு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நாலு புரியாகப் பின்னினார்.

உலகம்மாள் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே பார்த்தாள். “என்னங்க, யாருக்குச் சடை பின்னுதிய?”

“கேமராவுக்கு.”

“யாரு கயிறெல்லாம்?”

“நாப்பத்தோரு பேரு. பாதிப் பேருக்கு நாந்தான் கல்யாண போட்டோ எடுத்தேன்.”

அவள் இலையைச் சுருட்டித் தூளை அமுக்கி நூலைக் கட்டி, அடுத்த இலையை எடுத்தாள்.

அந்தக் கயிற்றில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தங்கப்பழம் போன முதல் சாவு, மளிகைக்கடை உச்சிமாகாளியுடையது. தாடையைத் துணியால் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் மருமகள்களும் இரண்டு பக்கமும் நின்றார்கள். தங்கப்பழம் கேமராவை முகத்துக்கு உயர்த்தினார். உச்சிமாகாளி கண்ணைத் திறந்தார். கடையில் சாமான் கேட்டவர் யார் என்று பார்ப்பது போலக் கூட்டத்தைப் பார்த்து, மூத்த மகனைத் தாண்டி, இரண்டாவது மகனைத் தாண்டி, கடைசியில் நின்ற சின்ன மருமகள் மேல் பார்வையை நிறுத்தினார். பட்டன் அமுங்கியது. கண் மூடிக்கொண்டது. யாரும் அலறவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி வரியை நிறுத்தி, “சின்னவளத்தான் பாக்காரு,” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள். சொரிமுத்து குனிந்து, “வெயிலு கூசுதா பெரியவரே, இந்தா முடிஞ்சிட்டு,” என்று மாலையைச் சரிசெய்தார்.

படம் கழுவி வந்தபோது அதிலும் கண் திறந்திருந்தது. மூத்த மருமகள் அந்தப் படத்தை வாங்க மறுத்துவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. அடுத்த சாவிலும் கண் திறந்தது, அதற்கடுத்ததிலும். பக்கத்து ஊர்க்காரர் கேமராவில் இந்தக் கயிற்றைக் கட்டினால் திறந்தது. தங்கப்பழத்தின் கேமராவில் கடைப் பெல்ட்டைப் போட்டால் திறக்கவில்லை. சுரண்டைப் பக்கம் ஒருவர் தானும் சுடுகாட்டு வேலியில் பொறுக்கிப் பின்னிப் பார்த்தார், அவருக்குக் கை நிறைய முள் குத்தியதுதான் மிச்சம். எதனால் என்று ஆராய்ச்சி பண்ண ஊருக்கு நேரமில்லை, அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

யாரைப் பார்த்தார் என்கிற வேலை. ‘கண்ணு வாங்குறது’ என்று ஊரில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. கண்ணு வாங்கின பிள்ளைக்குத்தான் கொள்ளி வைக்கிற உரிமை, பிறகு வீடு, பிறகு கிணற்றடி நிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. முன்வரிசைக்கு அடிதடி நடந்ததால், நாட்டாமை பரமசிவம் பிணத்துக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியில் அரைவட்டம் போட்டு, எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்று சட்டம் வைத்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையில், “செத்தா ஒன் பக்கம் திரும்ப மாட்டேன், பாத்துக்க,” என்று மிரட்டுவது சாதாரணமாகிவிட்டது. வயசானவர்கள் சாயங்காலம் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, திறந்து, நினைத்த ஆளை ஒரே மூச்சில் பார்க்கப் பழகினார்கள். பால்காரர் வெள்ளத்துரை யாரையும் பார்க்காமல் தன் எருமையைப் பார்த்தார். அந்த எருமையை விற்க முடியாமல், அது கிழடு தட்டுகிற வரைக்கும் அவர் பிள்ளைகள் தீனி போட்டார்கள். ஒரு கிழவி முருங்கைமரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள், அந்த மரத்துக் காயை இன்றைக்கும் யாரும் பறிப்பதில்லை.

செத்தவர் என்ன நினைத்துக்கொண்டு பார்த்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கண் ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் பிரியம் இருக்கிறது என்று ஊர் தானாகவே முடிவுகட்டிவிட்டது. வெளிச்சத்துக்காகத் திரும்பியிருக்கலாம். ஈக்காகத் திரும்பியிருக்கலாம். இந்த ஊருக்கு அதெல்லாம் எடுபடாது.

ரேஷன் கடையில் நிறுத்துப்போடுகிற முத்தையா செத்தபோது, கோட்டுக்கு வெளியே கடைசி வரிசையில், துக்கம் கேட்க வந்த தையல்காரி மாரிக்கனி நின்றாள். முத்தையாவின் கண் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு, பங்காளிகளை விட்டு, தலைகளுக்கு ஊடே போய் அவள் மேல் நின்றது. கூட்டம் மொத்தமும் திரும்பியது.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. சீனி வாங்கப் போவேன், சாக்கு கொண்டாந்தியான்னு கேப்பாரு. அதத் தவிர ஒரு வார்த்த கெடையாது,” என்றாள் மாரிக்கனி. தெருத்தெருவாகப் போய் இதையே சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவள் போன பிறகு, கண் பொய் சொல்லுமா என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் ஊர்க்கிணற்றில் மிதந்தாள்.

அவளையும் படம் எடுக்கச் சொல்லி அவள் அண்ணன் பிடிவாதமாக நின்றான். தங்கப்பழத்துக்கு மனசில்லை, ஆனாலும் போனார். மாரிக்கனி கண்ணைத் திறந்தாள். யாரையும் தேடவில்லை. கோட்டின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, வரிசையாக, ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாட்டாமையைப் பார்த்தாள். முத்தையாவின் பெண்டாட்டியைப் பார்த்தாள். ஒருவரையும் விடவில்லை. சுற்றி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டபோது வெயில் ஓர் அடி நகர்ந்திருந்தது. ஒரு வாரம் ஊர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தது. எட்டாம் நாள் வேறொரு சாவு விழுந்தது, நாட்டாமை சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த எட்டாம் நாளிலிருந்து உலகம்மாள் கயிற்றை வீட்டுக்குள் மாட்டவிடவில்லை; முன்னறை ஸ்டுடியோவில்தான் அது தொங்கியது. அவளுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. முப்பது வருஷத்துப் புகையிலைத் தூள் உள்ளே இறங்கி, மூச்சு வாங்குவதே ஒரு வேலையாக இருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு மகள் இந்துமதியைக் கூட்டிக்கொண்டு போனவள், திரும்பி வரும்போது மருந்துப் பையோடு ஒரு அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தாள். உள்ளே புதுக் கேமரா பெல்ட். கறுப்பு, உள்பக்கம் பஞ்சு, புதுச்செருப்பு வாசம்.

“வாங்கினியா?” தங்கப்பழத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “நான் பின்னுனது இருக்கும்போது எதுக்கு இது?”

“கழுத்தக் குடுங்க.” அவள் எக்கி அவர் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். மூச்சு வாங்கியதால் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு சொன்னாள்: “எனக்கு இதத்தான் போடணும். அந்தக் கயிறு வேண்டாம்.”

“என்ன பேச்சு பேசுத?”

“நாப்பத்தோரு ஆம்பளை இடுப்புல கெடந்தது எம் முன்னால வந்து நின்னு கண்ணத் தெறன்னா, நான் தெறக்கணுமாக்கும்? உசுரோட இருக்கையில எங்க பாக்கணும் எங்க பாக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லியாச்சி, நானும் அப்படியே பாத்து முடிச்சாச்சி. செத்த பொறவாவது மூடிக்கிட்டுப் போறேன்.”

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். “நீ யாரப் பாக்கப் போற? என்னத்தான பாப்ப.”

அவர் கேட்டது கேலிக்கு என்று அவளுக்குத் தெரியும். கேலிக்குப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். ஆனால் உலகம்மாள் பொய் சொல்லிப் பழகாதவள்.

“தெரியாதுங்க,” என்றாள்.

“தெரியாதா?”

“ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆனா அந்த நேரம் கண்ணு எங்க போவும்னு எனக்கே தெரியாது. இந்துவப் பாக்குமோ, செத்துப்போன எங்கம்மாவத் தேடுமோ, செவுத்தப் பாக்குமோ. எனக்கே தெரியாத ஒண்ண ஊரு முன்னால அவுத்துக் காட்டணுமா? மாரிக்கனியப் பாத்தியள்லா?” கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டாள். “சரின்னு சொல்லுங்க.”

“சரி,” என்றார்.

மனதாரத்தான் சொன்னார். அதை நான் சந்தேகப்பட மாட்டேன். ஆனால் அந்தத் ‘தெரியாது’ மீன்முள் மாதிரி அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டது. சோற்றை உருட்டி விழுங்கியும் போகவில்லை. அவருக்குக் குத்தாலிங்கம் நினைவுக்கு வந்தான். உலகம்மாளின் தாய்மாமன் மகன், கடையநல்லூர்க்காரன், அவளுக்கென்றே சின்ன வயசிலிருந்து பேசி வைத்த மாப்பிள்ளை. ஒரு கிணற்றுப் பங்குத் தகராறில் இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டதால்தான் அவள் தங்கப்பழத்துக்கு வாய்த்தாள். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வருவான், படத்தில் ஓரமாக நிற்பான், சாப்பிட்டுவிட்டுப் போவான். இத்தனை வருஷத்தில் தங்கப்பழம் அவனைப் பற்றி அரை நிமிஷம் நினைத்ததில்லை.

இப்போது ஸ்டுடியோக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய ஆல்பங்களை எல்லாம் பரப்பி, ஒவ்வொரு படத்திலும் உலகம்மாள் எங்கே பார்க்கிறாள் என்று கண்ணாடிவில்லையை வைத்துத் தேடினார். கல்யாணப் படத்தில் தரையைப் பார்த்தாள். இந்துமதி காதுகுத்தில் இந்துமதியைப் பார்த்தாள். புதுமனைப் படம் ஒன்றில் தலை நன்றாக இடதுபக்கம் திரும்பியிருந்தது. இடதுபக்கக் கோடியில் குத்தாலிங்கம் நின்றான். ஆனால் அதே பக்கம் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டும் இருந்தது. அந்த ஒரு படத்தை அவர் எத்தனை நாள் பார்த்தார் என்று சொல்லி முடியாது. அடுத்த அறையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை முற்பகலில், பீடித் தட்டு பக்கத்தில் இருக்க, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே உலகம்மாள் போய்விட்டாள். தங்கப்பழம் அழுதார். வேஷமில்லாமல், மூக்கு ஒழுக, தெரு கேட்க அழுதார். இருபத்திரண்டு வருஷம் தன் அருவியை வேட்டி என்று சொல்ல ஒருத்தி இருந்தாள், இனி இல்லை என்கிற நினைப்பு அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டது. குளிப்பாட்டி, பட்டு உடுத்தி, பூ வைத்து முற்றத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாட்டாமை அரைவட்டம் போட்டார். ஊர் வந்து கோட்டில் நின்றது.

தங்கப்பழம் கடைப் பெல்ட்டை மாட்டிய கேமராவோடு வெளியே வந்தார். எல்லாரும் அவர் கழுத்தைப் பார்த்தார்கள்.

“எங்கவே கயிறு?” என்றார் நாட்டாமை.

“அவ வேண்டாம்னு சொல்லிட்டா.”

“அவ சொன்னா? ஊருல அத்தன வீட்டுப் பொணத்தையும் தெறந்து பாத்த கயிறு, உம்ம வீட்டுக்கு வந்ததும் வேண்டாமாக்கும். மூடி வச்சா என்னன்னு பேசுவான் ஊர்க்காரன்? உமக்குத் தெரியாததா?”

“பேசட்டும். நான் சரின்னு சொல்லிருக்கேன்.”

இந்துமதி வந்து அவர் கையைப் பிடித்தாள். செய்தி கேட்டு, கட்டிக்கொடுத்த புளியங்குடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், அம்மாவோடு நாலு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை. “யப்பா, ஒரே ஒரு தரம். அம்மா என்னப் பாக்கட்டும்பா.”

அதற்கும் அவர் அசையவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்துக் கோட்டுக்கு அனுப்பினார். இந்த இடத்தில் தங்கப்பழத்தைக் கும்பிடத் தோன்றும் எனக்கு. கேமராவை உயர்த்தினார், பட்டனை அமுக்கினார். உலகம்மாள் கண் மூடியபடியே இருந்தாள். கேட்டது கிடைத்த முகம். அங்கேயே கேமராவைக் கீழே வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆனால் கேமராவை இறக்குகிற நேரத்தில் இடதுபக்கம் பார்த்தார். கோட்டின் கோடியில் குத்தாலிங்கம், கோடிச்சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தைத் துண்டால் துடைத்து, நெஞ்சு இறங்க ஒரு நீளமான மூச்சு விட்டான். தப்பித்தவனுடைய மூச்சு.

அந்த மூச்சு தங்கப்பழத்தின் தொண்டையிலிருந்த முள்ளில் போய் இடித்தது. ஊர் கேட்டு மறுத்தவர், மகள் கெஞ்சி மறுத்தவர், ஸ்டுடியோவுக்குள் போனார். மகளுக்காக, மகள் ஆசைப்பட்டாளே அதற்காக என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டே கடைப் பெல்ட்டைக் கழற்றினார். கயிற்றைக் கட்டி முடிச்சை இறுக்கினார். அவர் வெளியே வந்ததும், கழுத்தைப் பார்த்து, கூட்டம் திருப்தியாக ஓரடி முன்னால் நகர்ந்தது. இந்துமதி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். குத்தாலிங்கம் துண்டை வாயில் வைத்தான்.

கேமராவை உயர்த்தினார். உலகம்மாள் கண்ணைத் திறந்தாள்.

மற்றவர்கள் எல்லாம் திறந்ததும் கொஞ்சம் தேடுவார்கள். இவள் தேடவில்லை. இந்துமதி பக்கம் போகவில்லை. இடதுகோடிக்குப் போகவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. திறந்த கண் திறந்தபடி நேராகக் கேமராவைப் பார்த்தது, அதற்குப் பின்னால் நின்ற அவரைப் பார்த்தது. ஒரு கணம் தங்கப்பழத்துக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது, என்னைத்தான், என்னைத்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த கணம் அந்தப் பார்வை என்ன என்று அவருக்குத் தெரிந்தது.

கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கோபமில்லை. வருத்தமும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் நமக்கு வேண்டியவர் என்று நினைத்துப் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவர் திரும்பியதும் வேறு யாரோ என்று கண்டுகொள்கிறோமே, அப்போது பார்க்கிற பார்வை. இத்தனை வருஷம் கூட இருந்த ஆளைத் தேடி வந்து, இந்த ஆளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் பழகிப்போன விரல் அமுக்கிவிட்டது. கண் மூடிக்கொண்டது.

“புருசனத்தான் பாத்தா!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். “பிள்ளையக்கூடப் பாக்கலியே, நேரா புருசன! குடுத்து வச்ச மனுசன்.” நாட்டாமை வந்து அவர் தோளில் துண்டைப் போர்த்தினார். இந்துமதி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, “என்னப் பாக்கலியேப்பா, என்னப் பாக்கலியே,” என்று மண்ணை அடித்து அழுதாள். அவளைத் தேற்ற வந்த பெண்கள், அம்மாவுக்குப் புருஷன்தான் பெரிசு, இதுக்குப் போய் அழலாமா என்று புத்தி சொன்னார்கள்.

தகனம் முடிந்து கலைகிற நேரத்தில் குத்தாலிங்கம் வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, மொதல்ல பெல்ட்டப் போட்டுட்டு வந்தியளா, அப்பாடான்னு இருந்துச்சி. பழைய பேச்சு ஒங்களுக்குத் தெரியும்லா. தப்பித் தவறி எம் பக்கம் கண்ணு திரும்பிருந்தா எம் பெண்டாட்டி இன்னைக்கே பொறந்த வீட்டுக்குப் போயிருப்பா. ஊரு அப்படிக் கெடக்கு. உலகு எம் மானத்தக் காப்பாத்திட்டா.” அந்த மூச்சில் இருந்தது அவ்வளவுதான். தங்கப்பழம் அவனை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார், துக்கத்தில் நிற்கிறார் என்று அவன் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கயிற்றை எரித்துவிடப் போனார். ஊர் விடவில்லை, நாளைக்கு எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் எடுப்பது என்று நாட்டாமையே வந்து வாங்கிப் பத்திரப்படுத்தி, சாவு விழும்போதெல்லாம் கொடுத்தனுப்பினார். தங்கப்பழம் போகிறார், எடுக்கிறார், கேமராவை உயர்த்தும்போதே தன் கண்ணை மூடிக்கொள்கிறார். யார் யாரைப் பார்த்தார்கள் என்று அவருக்கு இப்போதெல்லாம் தெரியாது.

உலகம்மாளின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதலில் அதன் முன்னால்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பெண்கள் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் ஜோடியாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டியவரும் தங்கப்பழம்தான். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அவர் அந்தப் படத்துக்கு எதிரே போய் நிற்கிறார், நேருக்கு நேர்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண், துடுக்கானவள், பூச்சரத்தை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: “மாமா, அன்னைக்கு அத்தை என்ன நெனச்சி ஒங்கள அப்படிப் பாத்தாவ?”

மண்டபத்தில் சத்தம் அடங்கியது. எல்லாருக்கும் கேட்க ஆசைதான், இத்தனை வருஷம் யாருக்கும் வாய் வரவில்லை. தங்கப்பழம் கேமராவைக் கொஞ்சம் இறக்கி, அவளுக்குப் பின்னால் சட்டத்துக்குள் திறந்திருக்கிற கண்களைப் பார்த்தார்.

“அவளுக்கு என்னைய ஆளு தெரியலம்மா,” என்றார்.

மண்டபமே சிரித்தது. பெண்ணுடைய அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமாவுக்கு எந்நேரமும் கேலிதான். கண்ணு வாங்குன மனுசன், பேசத்தான செய்வாவ.”

பெண்ணும் சிரித்துவிட்டு, இது படத்துக்கான நேரம் என்று தெரிந்து, ஒரு மாதமாகக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த அதே பார்வையை, விழியை அகலமாக்கி, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை மேல் திருப்பினாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டான். அப்படியே இரு, அசையாதே என்று தங்கப்பழம் சொன்னார்.